ஜியோகேச்சிங் வினவலில் தேடல் ஆரமும் முடிவு வரம்பும்

ஜியோகேச்சிங் என்பது ஜி.பி.எஸ். கருவியின் துணையோடு, பிறர் மறைத்துவைத்த பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. இப்பெட்டிகளுக்கு ‘கேச்’ என்று பெயர். ஓர் இடத்தைச் சுற்றியுள்ள பெட்டிகளின் பட்டியலைத் தரவுத்தளத்திடம் கேட்டுப் பெறுவது வினவல். எவ்வளவு தொலைவு வரை தேடுவது என்பதைத் தேடல் ஆரமும், அதிகபட்சம் எத்தனை பெட்டிகளைத் தருவது என்பதை முடிவு வரம்பும் வரையறுக்கின்றன. இவ்விரண்டில் எது முதலில் எட்டப்படுகிறதோ, அதுவே பட்டியலின் உண்மையான எல்லை.

பின்னணி

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. இதனால் கருவிகளின் துல்லியம் கூடியதும், மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் முதல் பெட்டியை மறைத்துவைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங்.காம் தளத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. அனைத்தையும் ஒரே கேள்வியில் அள்ளித் தர எந்தத் தளத்தாலும் இயலாது. ஆகவே வரம்பு தேவைப்படுகிறது.

செயல்படும் முறை

ஜியோகேச்சிங்.காம் தளத்தில் சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்கு ‘பாக்கெட் குவெரி’ என்ற வசதி உண்டு. ஒரு வினவலுக்கு 1,000 பெட்டிகள் வரை அது தரும். பெட்டியின் வகை, கடினநிலை, நிலப்பரப்புநிலை, ‘நான் இன்னும் கண்டுபிடிக்காதவை’ போன்ற வடிகட்டிகளைக் கடந்தவை மட்டுமே கணக்கில் சேரும். தகுதியுள்ளவை 1,000-ஐ மிஞ்சினால், மையத்துக்கு மிக அருகிலுள்ள 1,000 மட்டும் கிடைக்கும். தொலைவில் உள்ளவை விடுபடும். வடிகட்டியைக் கடுமையாக்கினால் அதே 1,000 இடங்கள் இன்னும் தொலைவு வரை எட்டும்.

இதே விளையாட்டுக்கான ஓப்பன்கேச்சிங் தளங்கள் பயன்படுத்தும் ‘ஓகேஏபிஐ’ என்னும் இடைமுகத்திலும் மையம், கிலோமீட்டரில் ஆரம், வரம்பு ஆகிய மூன்றும் உண்டு. வரம்பைக் குறிப்பிடாவிட்டால் 100 முடிவுகள் வரும். 500 வரை கேட்கலாம். மீதி முடிவுகள் உள்ளனவா என்பதையும் விடையிலேயே அது தெரிவித்துவிடும்.

பரப்பும் அடர்த்தியும்

ஆரம் இரு மடங்கானால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக இரண்டு பெட்டிகள் உள்ள பகுதியை எடுத்துக்கொள்வோம். 10 கி.மீ. ஆரத்துக்குள் ஏறத்தாழ 628 பெட்டிகள் இருக்கும், 20 கி.மீ. ஆரத்தில் 2,513. வரம்பு 1,000 என்றால் பட்டியல் 12.6 கி.மீ. தொலைவிலேயே நின்றுவிடும். 20 என்று கேட்டவருக்கும் 100 என்று கேட்டவருக்கும் ஒரே பட்டியல்தான் வரும்.

இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது ஜியோகேச்சிங்.காம் விதி. இவ்விதி அனுமதிக்கும் மட்டும் நெருக்கி அடுக்கினால், 1,000 பெட்டிகள் 2.7 கி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் அடங்கிவிடும். பெட்டிகள் மலிந்த நகரங்களில் ஆரத்தைவிட வரம்பே தேடலை ஆள்வது இதனால்தான்.

அளவை அலகும் முக்கியம். ஒரு மைல் 1.609 கி.மீ. என்பதால், 50 கிலோமீட்டருக்குப் பதில் 50 மைல் என்று கொடுத்தால் பரப்பு ஏறத்தாழ 2.6 மடங்காகும்.

வட்டத்தின் விளிம்பு

ஆரம் என்பது நேர்கோட்டுத் தொலைவு. சாலைத் தொலைவு அன்று. ஆற்றின் மறுகரையில் 2 கி.மீ. தொலைவில் காட்டப்படும் பெட்டிக்குச் செல்ல, பாலத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டர் பயணம் தேவைப்படலாம்.

புதிர் வகைப் பெட்டிகளுக்குத் தளத்தில் காட்டப்படும் புள்ளி பெரும்பாலும் உண்மையான இடமன்று. அசல் இடம் அங்கிருந்து பொதுவாக 3.2 கி.மீ. தொலைவுக்குள் இருக்கும். வினவல் கணக்கிடுவதோ காட்டப்படும் புள்ளியை. ஆகவே வட்டத்துக்குள் தெரியும் புதிரின் பெட்டி வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். வெளியே விடுபட்ட புதிரின் பெட்டி உள்ளேயும் இருக்கலாம்.

பெரிய பகுதியைப் பிரித்தல்

வரம்பைத் தாண்டிய பகுதியை முழுமையாகப் பெற இரு வழிகள் உண்டு. ஒன்று, சிறு சிறு வட்டங்களாகப் பிரிப்பது. வட்டங்கள் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் நடுவே இடைவெளி விழும். ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தால் ஒரே பெட்டி இருமுறை வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய தனிக் குறியீட்டைக் கொண்டு இரட்டிப்புகளை நீக்க வேண்டும்.

மற்றொன்று, ஒரே பகுதியைப் பெட்டி வைக்கப்பட்ட தேதிவாரியாகப் பிரிப்பது. ஒவ்வொரு காலப்பிரிவிலும் பெட்டிகள் வரம்புக்குக் குறைவாக இருக்குமாறு தேதிகளை அமைத்தால் இடைவெளியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை. இரண்டில் இதுவே சிறந்த வழி. நீண்ட பயணத்துக்கு மட்டும் வட்டத்தை விட்டு, பாதையோரத் தேடலை நாடலாம்.

சரிபார்த்தல்

முடிவுகளின் எண்ணிக்கை வரம்புக்குக் குறைவாக இருந்தால், கேட்ட ஆரம் முழுதும் தேடப்பட்டுவிட்டது. எண்ணிக்கை சரியாக வரம்பையே தொட்டிருந்தால், பட்டியல் பாதியில் அறுந்திருக்கக்கூடும். அப்போது பட்டியலின் கடைசிப் பெட்டி மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்று பார்க்க வேண்டும். அத்தொலைவே அந்தத் தேடலின் மெய்யான ஆரம்.