பால்மரத்தின் எழுத்தும் கணினியின் கணக்கும்

தைப்பிங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால்மரத்தைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மரத்தை அறிந்தவர்கள் நீங்கள். ஆனால் அந்த மரத்தை வைத்தே கணினிக்கு நிரல் எழுதக் கற்கலாம் என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும்.

1876-ஆம் ஆண்டு விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700தான். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, தைப்பிங்குக்கு அடுத்த கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு நடந்தது உங்கள் தாத்தா பாட்டிகளின் கதை.

1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அங்கே பிறந்ததுதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டுமரம். இதன் பெற்றோரில் ஒன்று ஜாவாவின் ஜிர் 1; மற்றது சிலாங்கூர் பிராங் பெசார் தோட்டத்தின் பி.பி. 86. (அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது!) ஒட்டுக்கட்டிய மரங்கள் எத்தனை ஆயிரமானாலும், ஒட்டிய மொட்டிலிருந்து வளர்ந்த பகுதி ஒரே தாய்மரத்தின் நகல். ஆகவே ஒரு மரத்தின் உயிரெழுத்தைப் படித்தால் போதும், அவ்வினம் முழுவதையும் படித்ததாகும்.

உயிரெழுத்து என்றால் அ, ஆ அல்ல. எல்லா உயிர்களின் உடலிலும் ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட ஏடு ஒன்று உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஆர்.ஆர்.ஐ.எம். 600-இன் ஏட்டைப் படித்து, 2013-இல் முதல் வரைவை வெளியிட்டார்கள். முழு ஏட்டின் நீளம் ஏறத்தாழ 215 கோடி எழுத்து என்று மதிப்பிட்டார்கள். விநாடிக்கு ஓர் எழுத்தாக இரவு பகல் உறங்காமல் எண்ணினாலும் 68 ஆண்டுகள் ஆகும். எனவேதான் கணினி வேண்டியிருக்கிறது.

கணினியோ சொன்னதை மட்டுமே செய்யும். அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லிவைக்கும் கட்டளை வரிசைதான் நிரல். மரம் வெட்டப் போகும் அம்மாவைக் கேளுங்கள். "நிரையின் முதல் மரத்துக்குப் போ. பட்டை மழையில் நனைந்திருந்தால் விட்டுவிடு. காய்ந்து பால் வராத மரமானாலும் விட்டுவிடு. இல்லையென்றால் வெட்டு, கோப்பையை வை. அடுத்த மரத்துக்குப் போ. நிரை முடியும்வரை இதையே செய்." மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் இரண்டாவது கட்டளைக்கு வேலை அதிகம்! நிரலில் உள்ள முக்கியமான மூன்றும் இதில் வந்துவிட்டன: வரிசை, நிபந்தனை, திரும்பச் செய்தல். படிக்காதவர் என்று நாம் ஒதுக்கும் ஒருவர் இதை அறுபது வயதுவரை தலையில் சுமந்திருக்கிறார்.

இனி எழுத்துக்கு வருவோம். ஏ ஜி டி சி ஏ டி டி ஜி. எட்டு எழுத்து. நான்கு டப்பா வை. ஓர் எழுத்தைப் படி. அதற்குரிய டப்பாவில் ஒன்றைக் கூட்டு. முடியும்வரை திரும்பச் செய். ஏ 2, சி 1, ஜி 2, டி 3 என்று வரும். உயிரியல் வழியாக நிரல் கற்பிப்பதற்காக 2012-இல் தொடங்கிய ரோசலிண்ட் என்னும் பயிற்சித் தொகுப்பிலும் இதுதான் முதல் கணக்கு.

இது வெறும் எண்ணுப் பயிற்சியா? இல்லை. ஏட்டில் இரண்டு இழைகள் உண்டு. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி நிற்கும். நம் எட்டு எழுத்துக்கு எதிரிழை டி சி ஏ ஜி டி ஏ ஏ சி. இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஏ 5, டி 5. ஜி 3, சி 3. இப்படி இணை இணையாக அளவு ஒத்துவருவதை 1940-களின் பிற்பகுதியில் சார்காஃப் என்பவர் கணினி இல்லாமலே அளந்து கண்டார். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டை இழையின் அமைப்பைச் சொன்னபோது அந்தக் கணக்கின் காரணம் விளங்கியது.

பால்மரத்தின் ஏடு எளிதில் பிடிபடவில்லை. இயந்திரம் அதைத் துண்டு துண்டாகத்தான் படிக்கும். ஒன்றின் வாலும் மற்றதன் தலையும் பொருந்துகிறதா என்று பார்த்துக் கணினிதான் கோக்கவேண்டும். ஆனால் ஏட்டில் முக்கால் பங்குக்குமேல் வந்த பகுதியே திரும்ப வருகிறது. தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர் எல்லா நிரையும் ஒன்றுபோல் இருக்கக் கண்டு வழி தவறுவதில்லையா? கணினியும் அப்படியே தவறியது. அதனால் 2013-இல் கோர்க்க முடிந்தது ஏறத்தாழ 110 கோடி எழுத்துதான். 2016-இல் சீன ஆய்வாளர்கள் ரேயன் 7-33-97 என்னும் வேறொரு ஒட்டுமரத்தை எடுத்துக்கொண்டு சுமார் 137 கோடிவரை கோர்த்தார்கள்.