'சரிபார்க்கப்பட்டது' - அப்படின்னா?

ரொம்ப நாளா எழுத நினைத்த விஷயம். ஆபீஸ் வரைபடங்களில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார்களே, 'சரிபார்க்கப்பட்டது' என்று. எதைச் சரிபார்த்தார்கள்? அளவையா, கணக்கையா, இல்லை காகிதம் வந்து சேர்ந்ததையா? ஸ்டாம்ப் அதைச் சொல்லாது. 1981-ல் அமெரிக்காவில் 114 பேர் செத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

மிசௌரி மாநிலம் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். 1980-ல் திறந்தார்கள். முன்கூடத்தில் அந்தரத்தில் தொங்கும் நடைபாலங்கள். நாலாம் தளத்துப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளத்துப் பாலம். முதல் டிசைன்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பியில் இரண்டு பாலமும் தனித்தனி நட்டில் உட்காரணும். அவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது கஷ்டம் என்று, இரும்பு வேலை எடுத்த கம்பெனி கம்பியை இரண்டாக்கியது. கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு ஒன்று.

சின்ன மாற்றம்தானே? இல்லைங்க. பஸ் புட்போர்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கலாம். ஒருத்தர் மட்டும் கம்பியைப் பிடிக்க, மற்றவர் அவர் இடுப்பைப் பிடித்துத் தொங்கினால்? முதல் ஆளின் கைக்கு இரட்டைச் சுமை. மேல் பாலத்து நட்டுக்கு நடந்தது இதுதான். முதல் டிசைனே ஊர்க் கட்டட விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான். மாற்றியபின் சுமார் 30.

மாற்றிய வரைபடம் 1979-ல் பொறியாளர் நிறுவனத்துக்குப் போய், ஸ்டாம்ப்போடு திரும்பி வந்தது. இணைப்பின் பலத்தை இரும்புக் கம்பெனி கணக்குப் போடும் என்று பொறியாளர்கள் இருந்தார்கள். பொறியாளர் வரைந்து தந்ததே முடிவானது என்று கம்பெனி இருந்தது. கணக்கு யாருமே போடவில்லை!

1981 ஜூலை 17 மாலை. கூடத்தில் நடன விருந்து. மேல் பாலம் பிய்த்துக்கொண்டு கீழ்ப் பாலத்தோடு சேர்ந்து கூட்டத்தின்மேல் விழுந்தது. 200 பேருக்கு மேல் காயம்.

விசாரணையில் 'அது எங்க வேலை இல்லை' என்ற வாதம் எடுபடவில்லை. இரண்டு பொறியாளர்கள் மிசௌரியில் உரிமம் இழந்தார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. இந்த மாதிரி வார்த்தை தெளிவில்லாமல் இருந்தால், அவரவர் தனக்கு வேலை குறைகிற அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மனித சுபாவம். அதனால் ஸ்டாம்ப் பக்கத்தில் ஒரு வரி எழுதணும்: எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை, மீதியை யார் பார்க்கணும்.

கட்டுமானத் துறை நண்பர்களே, உங்க ஆபீஸ் ஸ்டாம்ப்பில் என்ன போட்டிருக்கு? பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.