உப்புப் பாறையில் ஓர் ஆலயம்

நம் பங்கின் யூபிலி மலர் விரியும் இவ்வேளையில், ஆலயத்தை எழுப்பிய முன்னோரின் உழைப்பை நன்றியுடன் நினைக்கிறோம். அந்நினைவோடு, தூர தேசத்துச் சுரங்கத் தொழிலாளர் மண்ணுக்கடியில் குடைந்தெடுத்த ஆலயம் ஒன்றின் வரலாற்றையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

போலந்து நாட்டில், கிராக்கோவ் நகருக்கு அருகே உள்ளது வியெலிச்கா என்னும் சிற்றூர். நமக்கு உப்பு என்றால் உப்பளத்தில் வெயிலில் விளைவது. அங்கோ அது பூமிக்கடியில் பாறையாகக் கிடக்கிறது. 13ஆம் நூற்றாண்டு முதல் அதை வெட்டி எடுத்து வந்தார்கள்.

இவ்வூர் மக்கள் தம் பாதுகாவலியாகப் போற்றுவது புனித கிங்காவை. ஹங்கேரி நாட்டு இளவரசியான இவர் போலந்துக் கோமகன் போலெஸ்லாவுக்கு மணமுடிக்கப்பட்டவர். தாய்நாட்டு உப்புச் சுரங்கத்தில் அவர் போட்ட மோதிரம், போலந்தில் முதலில் வெட்டிய உப்புக் கட்டியினுள் கிடைத்தது என்பது செவிவழிக் கதை. 1999ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

சுரங்கத் தொழில் எளிதன்று. மேலிருந்து பாறை சரியும், நீர் பீறிடும், தீப்பற்றும் வாயு கூரையருகே தேங்கி நிற்கும். அந்த வாயுவை எரித்து அகற்ற, நீண்ட கழியின் முனையில் பந்தம் கட்டித் தரையோடு தவழ்ந்து செல்வோர் சிலர் இருந்தனர். 'தவசிகள்' என்றே அவர்களை அழைத்தார்கள். காலையில் இறங்குபவன் மாலையில் ஏறுவான் என்பது நிச்சயமில்லை. ஆகவே ஜெபிக்க ஓர் இடம் உள்ளேயே வேண்டியிருந்தது. மரத்தால் அமைத்தால் தீப்பிடிக்கும். எனவே உப்பிலேயே பீடமும் சுரூபங்களும் செதுக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடைந்த புனித அந்தோனியார் சிற்றாலயம் இன்றும் அங்கே உள்ளது.

இவற்றுள் பெரியது புனித கிங்கா ஆலயம். நிலமட்டத்திலிருந்து 101 மீட்டர் ஆழத்தில், 54 மீட்டர் நீளத்தில் அமைந்தது. 1896இல் யூசெப் மார்க்கோவ்ஸ்கி வேலையைத் தொடங்கினார். அவருக்குப்பின் தம்பி தோமாஸ் தொடர்ந்தார். அவருக்குப்பின் அந்தோனி விரோடெக் ஏற்று 1963 வரை உழைத்தார். மூவரும் அச்சுரங்கத் தொழிலாளரே. ஏறத்தாழ எழுபதாண்டு வேலை! சுமார் இருபதாயிரம் டன் உப்பு வெளியேற்றப்பட்டது. பீடம், தரை, சுவர்ச் சிற்பங்கள் யாவும் உப்பே. சரவிளக்கின் மணிகளும் உப்புப் படிகங்களே. 1936இல் விரோடெக் செதுக்கிய இறுதி இராவுணவுக் காட்சியைக் கண்டு வியவாதார் இல்லை.

ஆனால் உப்புக்குப் பகை ஈரம். காற்றோட்ட வழியே வந்த ஈரக் காற்றால் அந்தோனியார் சிற்றாலயத்துச் சுரூபங்கள் பல கண் மூக்குத் தெரியாமல் கரைந்துபோயின. 1978இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்ற இச்சுரங்கம், 1989இல் அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1992இல் சுரங்கவழி ஒன்றில் நீர் மண்ணோடு பீறிட்டது. மேலே ஊரில் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் மடமும் இருப்புப் பாதையும் சேதமுற்றன. தொழிலாளர் போராடி நீரை அடைத்தனர்; காற்றின் ஈரத்தை அகற்றும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1998இல் அபாயப் பட்டியலிலிருந்து சுரங்கம் நீக்கப்பட்டது.

1996இல் உப்பு வெட்டுவது நின்றுவிட்டது. ஆயினும் தொழிலாளர் இன்றும் இறங்குகிறார்கள், வெட்டுவதற்கன்று, காப்பதற்கு. சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித பார்பராவின் திருநாளாகிய டிசம்பர் 4 அன்றும், கிறிஸ்து பிறப்பு விழாவிலும் உப்புப் பீடத்தில் திருப்பலி நிறைவேறுகிறது.

கட்டி முடித்தாயிற்று என்று அம்மக்கள் கைகட்டி நின்றிருந்தால் அவ்வாலயம் என்றோ கரைந்திருக்கும். நம் ஆலயத்துக்கும் இது பொருந்தும். ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டதையும் மறத்தற்கில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. யூபிலியோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. முன்னோர் நம் கையில் தந்ததைக் குறைவின்றி நம் பிள்ளைகள் கையில் ஒப்படைப்போமாக!