கார் ஸ்டார்ட் ஆகலையா? புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என கடலோரத்தில் நிற்கும் கார்களுக்கு உப்புக்காற்றே முதல் எதிரி. பேட்டரி டெர்மினலிலும் எர்த் கேபிளிலும் துரு ஏறினால், பேட்டரி நல்லா இருந்தாலும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகாது.

சாவியைத் திருப்பும்போது சத்தத்தைக் கவனிங்க. 'டிக் டிக் டிக்' எனத் தொடர்ந்து கேட்டால் சார்ஜ் குறைவு அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' என்றால் பெரும்பாலும் சொலினாய்டு அல்லது மோட்டார். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் பக்கம் தேடணும்.

முழு சார்ஜ் உள்ள பேட்டரி, வண்டி ஓடாதபோது மல்டிமீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி வீக். அப்படி இறங்காமலே மோட்டார் திணறுதா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யுங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். இதைப் பார்க்காமல் பேட்டரியை மாற்றினால் காசுதான் வீண்.

டெர்மினலைச் சுத்தம் செய்ய மைனஸை முதலில் கழட்டணும், கடைசியில் மாட்டணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வந்த மாதிரி வெள்ளத்தில் கார் மூழ்கியிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.