கரிச் சட்டையும் கணக்கில் வராத உழைப்பும்

நீராவிக் கப்பல்களின் காலத்தில் கொழும்புத் துறைமுகம் கீழைத்தேயக் கடற்பாதையின் முக்கியமான நிலக்கரித் தரிப்பிடங்களுள் ஒன்றாக விளங்கிற்று. வங்காளத்துக் கரியோடு, தென் வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் வெட்டப்பட்ட கரியும் அங்கே கப்பல்களின் வயிற்றில் கொட்டப்பட்டது. அக்கரியைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். 1913ஆம் ஆண்டில் பிரித்தானியச் சுரங்கங்கள் 28 கோடி 70 இலட்சம் தொன் கரியைத் தந்தன என்பதும், பத்து இலட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர் அவற்றில் உழைத்தனர் என்பதும் பாடப்புத்தகங்களில் உள்ள செய்திகள். கரியை வெட்டியவனைப் பற்றியும் நல்ல இலக்கியங்கள் தோன்றியுள்ளன. ஆனால் அவன் மறுநாளும் சுரங்கத்தில் இறங்குவதற்காக அவனுடைய சட்டையைத் தோய்த்துக் கொடுத்தவளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அந்தச் சட்டை எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சுரங்கத்துள் உழைப்பவன் உடலோடு ஒட்டி அணிந்தது பிளனல் எனப்படும் கம்பளித் துணியாலான சட்டையும் உள்ளுடுப்பும். கரிமுகத்தில் வியர்வை ஆறாகப் பெருகும். அங்கிருந்து வெளியேறும் வழியிலோ குளிர்காற்று வீசும். வியர்வையை உறிஞ்சியும் உடற்சூட்டைக் காத்தும் நிற்க வல்லது கம்பளி. அதன் மேல் அவன் அணிந்த காற்சட்டை மோல்ஸ்கின் என்னும் மிகத் தடித்த பருத்தித் துணி. பாறையில் முழங்காலூன்றி வேலை செய்பவனுக்கு அதைவிட மெல்லியது தாங்காது. இவற்றில் எதையும் முதலாளி வழங்கவில்லை. சீருடை என்ற பெயரில்லாத இச்சீருடையைத் தொழிலாளி தன் கூலியிலிருந்தே வாங்கினான். கிழிந்தபோது தைத்தவளும் அழுக்கானபோது தோய்த்தவளும் அவன் மனைவி.

சுரங்கவாயிலில் உடை மாற்றவோ குளிக்கவோ இடம் இல்லை. எனவே மேலே வந்தவன் கரிபடிந்த முகத்துடனும் ஈரம் ஊறிய உடையுடனும் வீதி வழியே நடந்து வீடு சேர்வான். அடுப்படியில் தகரத் தொட்டி காத்திருக்கும். முற்றத்துக் குழாயிலிருந்தோ தெருக் குழாயிலிருந்தோ வாளி வாளியாக நீர் சுமந்து, அடுப்பில் காய்ச்சி, தொட்டியில் நிரப்பி, குளித்து முடிந்ததும் அக்கரி நீரைக் கையாலேயே வெளியே அள்ளிக் கொட்ட வேண்டும். தகப்பனும் இரண்டு மூன்று பிள்ளைகளும் வெவ்வேறு முறை வேலைக்குச் செல்லும் வீடுகளில், ஒருவன் புறப்படும்போது மற்றொருவன் வருவான். அந்த வீட்டில் பெண்ணுக்கு இரவு எது, பகல் எது? அடுப்பு அணைவதில்லை, அதன் முன்னால் ஈரச் சட்டைகள் ஆவி கக்கியபடி தொங்கிக்கொண்டேயிருக்கும். குழந்தைகள் சுவாசித்ததும் அந்த ஆவியையே.

உடுப்புத் தோய்ப்பதோ தனியொரு தொழில் என்று சொல்லத்தக்க அளவுக்கு நுட்பமும் வலிமையும் வேண்டிய வேலை. கரித்தூசு படிந்த துணியை நேரே நீரில் அமிழ்த்தினால் தூசு குழம்பாகி இழைகளுக்குள் இறங்கிவிடும். ஆகவே முதலில் உலர்ந்த நிலையிலேயே வெளியே கொண்டுபோய்ச் சுவரில் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதிப் பெண்கள் இதற்கென்றே தனிச்சொல் ஒன்று வைத்திருந்தார்கள். இதன் பிறகு துணிகளைப் பிரிக்க வேண்டும். பருத்தி கொதிநீரைத் தாங்கும். சலவைச் சோடாவையும் தாங்கும். மோல்ஸ்கின் காற்சட்டையைக் கிடாரத்திலிட்டு அவிக்கலாம், கட்டையால் குத்தலாம். கம்பளியின் குணம் முற்றிலும் வேறு. அதன் இழை மிருகத்தின் உரோமம். அதன் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. கொதிநீரில் இட்டுக் கசக்கினால் அச்செதில்கள் ஒன்றையொன்று பற்றிப் பிணைந்து, சட்டை சுருங்கித் தடித்துப் பலகைபோலாகிவிடும். கடும் சோடா அதன் இழையையே அரித்துவிடும். ஆகவே கம்பளிக்கு வெதுவெதுப்பான நீர், இளஞ் சவர்க்காரம், அழுத்தாத கை. கணவனின் ஒரு நாள் உடைக்கு இரண்டு வகைத் தண்ணீர், இரண்டு வகைத் தோய்ப்பு. நீரில் ஊறிய மோல்ஸ்கினின் பாரத்தைத் தூக்கிப் பிழிந்தவர்களில் கருவுற்றிருந்த பெண்கள் எத்தனை பேர் என்று எந்தச் சுரங்கக் கம்பனியும் கணக்கெடுக்கவில்லை.

இந்த வேலைக்குக் கூலி உண்டா? ஒரு கம்பனி தன் குதிரைக்குச் சேணம் வாங்கினாலும் அது செலவுக் கணக்கில் ஏறும். சேணத்தைத் துடைப்பவனுக்குச் சம்பளம் உண்டு. மனிதனின் சேணத்தைத் துடைத்தவள் எந்தப் பேரேட்டிலும் இடம்பெறவில்லை. தொழிலாளியின் உழைப்புச் சக்தி நாள்தோறும் மீண்டும் உற்பத்தியாக வேண்டும் என்பதைப் பொருளியல் படித்த நம் தோழர்கள் நன்கறிவர். அந்த மறு உற்பத்தி ஓர் அடுப்படியில், ஒரு குறிப்பிட்ட பெண்ணின் இடுப்பு முறிய நடைபெறுகிறது என்பதை மட்டும் நாமும் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நமது முற்போக்குக் கதைகளில் வேலைநிறுத்தக்காரனின் மனைவி தேநீர் கொடுப்பதற்காகவே தோன்றி மறைவதும் இம்மறதியின் விளைவுதான்.

ஜேர்மனியிலும் பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் முதலாம் உலக யுத்தத்துக்கு முன்பே சுரங்கவாயிலில் குளியற்கூடங்கள் அமைந்துவிட்டன. ஜேர்மன் தொழிலாளி தன் வேலை உடையைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைவரை உயர்த்தி உலரவிட்டு, சுத்தமான உடையுடன் வீடு சென்றான். உலகத்தின் செல்வந்த நாடாகிய பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டம் வந்தபோதுதான் இது சட்டத்தில் எழுதப்பட்டது. எழுதப்பட்ட முறையைக் கவனியுங்கள்: தொழிலாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் இரகசிய வாக்கெடுப்பில் ஆதரிக்க வேண்டும், பராமரிப்புச் செலவில் அரைவாசியைத் தொழிலாளரே ஏற்க வேண்டும், அச்செலவு ஆளொன்றுக்கு வாரம் 3 பென்ஸைத் தாண்டுமாயின் முதலாளிக்குக் கடமையேதும் இல்லை! கதவைத் திறப்பதுபோல் திறந்து, அதன் பின்னால் மூன்று பூட்டுகள்.

அந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் ஆண்கள். நீர் சுமந்தவளுக்கும் தோய்த்தவளுக்கும் அதில் வாக்கில்லை. பாராளுமன்றத் தேர்தலிலும் அவளுக்கு அன்று வாக்கில்லை. 1918இல் 30 வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் அது கிடைத்தது. ஆகவே, பல சுரங்கங்களில் தொழிலாளரே குளியற்கூடத்துக்கு எதிராக வாக்களித்தனர் என்ற செய்தி நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. முதுகைக் கழுவினால் அதன் வலிமை போய்விடும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். குளித்த உடம்போடு குளிரில் நடந்தால் சளிக்காய்ச்சல் வரும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். பிறர் முன்னால் உடை களையக் கூசியவர்களும், வாரக் கூலியில் சில பென்ஸ் குறைவதை விரும்பாதவர்களும் இருந்தார்கள். இவற்றுள் சில மூடநம்பிக்கை. சில வறுமையின் நியாயமான கணக்கு. ஆனால் வீட்டில் தோய்ப்பது இலவசம் என்று அவர்கள் எண்ணியதில் முதலாளியின் கண்ணோட்டமே தொழிலாளியின் கண்ணோட்டமாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிரித்தானியாவின் முதற் குளியற்கூடம் 1913இல் லங்காஷயரின் அதர்ட்டன் நகருக்கருகே கிப்ஃபீல்ட் சுரங்கத்தில் திறக்கப்பட்டது. வேல்ஸில் முதலாவது, 1916இல் ட்றெஹறிஸ் என்ற ஊரில். இவை தனித்த சில விளக்குகள்; சுற்றிலும் பழைய இருள்.

1919ஆம் ஆண்டு சாங்கி ஆணைக்குழு முன் நிகழ்ந்தது பெரிய திருப்பம். சுரங்கங்களைத் தேசிய உடைமையாக்குவது பற்றி ஆராய அமைக்கப்பட்ட அக்குழு, பிரபுக்கள் சபையின் அலங்கார மண்டபமொன்றில் கூடிற்று. நில உரிமைக்காரப் பிரபுக்களும் கம்பனி அதிபர்களும் சாட்சியமளித்த அதே ஆசனத்தில், சுரங்கக் குடும்பங்களின் சார்பில் வேல்ஸ், லங்காஷயர், ஸ்கொட்லாந்து ஆகிய இடங்களிலிருந்து மூன்று பெண்கள் வந்தமர்ந்தனர். வேல்ஸிலிருந்து வந்தவர் றொண்டாப் பள்ளத்தாக்கின் எலிசபெத் அன்ட்றூஸ். 1882இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் பெரிய குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பள்ளியை விட்டுத் தையற்காரியானவர் அவர். தொழிற்கட்சியின் பெண்கள் அமைப்பாளராகப் பணியாற்றியவர்.

அவர் அங்கே தத்துவம் பேசவில்லை. வீட்டில் நடப்பதைச் சொன்னார். 23 ஆண்டு அனுபவமுள்ள ஒரு மருத்துவிச்சி தம்மிடம் கூறியதை எடுத்துரைத்தார்: றொண்டாவில் தாம் கண்ட குறைப்பிரசவங்களிலும் பெண்களின் கடும் நோய்களிலும் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கொதிநீர்க் கிடாரங்களையும் தொட்டிகளையும் தூக்கும் பளுவே என்பது அம்மருத்துவிச்சியின் முடிபு. அடுப்படியில் கொதிநீரில் வெந்த குழந்தைகளின் கதைகளும் அந்த ஆண்டுகளின் பிரசாரத்தில் திரும்பத் திரும்ப ஒலித்தன. தேசியமயம் என்ற மாபெரும் கோரிக்கையின் நடுவே, வெந்நீரும் சவர்க்காரமும் அரசியற் பிரச்சினையாக அரசாங்கப் பதிவேட்டில் ஏறின.

தேசியமயத்தை லொயிட் ஜோர்ஜ் அரசாங்கம் அவ்வாண்டே கைகழுவிற்று. ஆனால் 1920இல் வந்த சட்டமொன்று, வெட்டப்படும் கரியில் தொன் ஒன்றுக்கு ஒரு பென்னி வீதம் அறவிட்டுத் தொழிலாளர் நலன் நிதியொன்றை ஏற்படுத்திற்று. பின்னர் 1926. மே மாதப் பொது வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டு, கதவடைப்பினால் சுரங்க மக்கள் பட்டினி கிடந்த ஆண்டு. எட்டு மணி நேர வேலையை மீண்டும் அனுமதித்து, ஏழு மணி நேர உரிமையைப் பறித்த அதே ஆண்டில், நில உரிமைக்காரர் பெறும் அரசுரிமைப் பங்கில் பவுணுக்கு ஒரு ஷில்லிங் வீதம் அறவிட்டுக் குளியற்கூடங்கள் கட்டுவதற்கு வழிசெய்யப்பட்டது. கரியைத் தொட்டறியாத பிரபு, தன் நிலத்துக்கடியில் கரி இருந்ததற்காகப் பெற்ற வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு!

அப்படி எழுந்த கூடங்களில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு பெட்டகங்கள்: ஒன்று வீட்டு உடைக்கு, மற்றொன்று சுரங்க உடைக்கு. சுரங்க உடைப் பெட்டகத்தினூடே வெப்பக்காற்று செலுத்தப்பட்டு, ஈரச் சட்டை மறுநாளைக்குள் உலர்ந்துவிடும். அடுப்பின் முன் தொங்கிய சட்டைகள் மறைந்தன, தொட்டியும் மறைந்தது. தோய்ப்பு மறைந்துவிடவில்லை. வார இறுதியில் கரிச் சட்டை பொட்டலமாகக் கட்டப்பட்டு வீடு வந்தது. 1947 ஜனவரி முதலாந் திகதி சுரங்கங்கள் மக்கள் உடைமையாயின என்று பலகைகள் நாட்டப்பட்ட பின்னரும், அப்பொட்டலத்தை அவிழ்த்தவள் பழைய பெண்தான்.

கரித்தூசேனும் கண்ணுக்குத் தெரிந்தது. அதே வகையில் வேறொரு தூசும் வேலை உடையோடு வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. அது மெல்லிய வெண்பொடி, கரியைவிடச் சுத்தமானதாகத் தோன்றியது. அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலைகளில் தூசைக் கட்டுப்படுத்தப் பிரித்தானியா 1931இலேயே விதிகள் செய்தது. அவ்விதிகளின் பார்வை தொழிற்சாலைச் சுவருக்குள் நின்றுவிட்டது. 1965இல் நியூஹவுஸ், தொம்சன் என்ற இரு ஆய்வாளர்கள், லண்டன் மருத்துவமனையொன்றில் மீசோதெலியோமா என்னும் புற்றுநோய்க்கு ஆளான 76 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்களில் 9 பேர் அஸ்பெஸ்டஸோடு ஒருநாளும் வேலை செய்தவர்களல்லர். அதில் வேலை செய்த ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பற்றிய குறிப்பு ஒன்றுதான்: கணவனின் வேலை உடையைத் தோய்த்த மனைவி. தோய்ப்பதற்கு முன் உதறுவது நல்ல இல்லாளின் பழக்கம். உதறியபோது பறந்த இழை நெஞ்சில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துக் கொன்றது.

அதன் பின்னரே சட்டம் உடையைப் பின்தொடர்ந்து வீட்டு வாசல்வரை வந்தது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு அஸ்பெஸ்டஸ் விதிகள் உடையைச் சலவை செய்யும் முறையை வரையறுத்தன. 1978ஆம் ஆண்டு ஈய விதிகள், ஈயத் தூசு படிந்த உடையைத் தோய்ப்பிக்கும் பொறுப்பை முதலாளியின் தலையில் ஏற்றின. 1995இல் அந்நாட்டு அரசாங்க ஆய்வு நிறுவனம் காங்கிரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கை, தொழிலாளரின் உடையோடும் உடலோடும் வீடு சென்ற நஞ்சுகளைப் பற்றி 28 நாடுகளிலிருந்து வந்த செய்திகளைத் தொகுத்தது: ஈயம், பாதரசம், பூச்சிகொல்லி, இன்னும் பல.

நட்டஈடு என்பது வேறு கதை. 1989இல் இங்கிலாந்தில், கணவனின் உடையைத் தோய்த்ததால் இறந்த ஒரு பெண்ணின் சார்பில் தொடரப்பட்ட வழக்கு தள்ளப்பட்டது. 1965 ஒக்டோபருக்கு முன் இத்தகைய ஆபத்தைத் தொழில் உலகில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது நீதிபதியின் காரணம். லிவர்ப்பூல் துறைமுகத்தில் கப்பல்களின் கொதிகலன்களைத் திருத்திய ஒரு தொழிலாளியின் மனைவி பின்னர் வழக்கிட்டபோது கீழ் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2005 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளுள் இருவர் அத்தீர்ப்பை மாற்றினர். காரணம் பழையதே. அந்தப் பெண் கணவனின் உடையை உதறித் தோய்த்தது 1965 வரையிலான சில ஆண்டுகளில். மேன்முறையீட்டின் தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.