அச்சம் தேய்ந்த வரலாறு

ஒரு கலைவடிவம் தோன்றி, வளர்ந்து, நலிவெய்தும் வரலாற்றை ஆராய்வோர் பலர், கூறியது கூறலே அந்நலிவுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுவர். பிற்காலப் பிரபந்தங்களைப் பற்றியும் இவ்வாறே சொல்லப்பட்டு வந்துள்ளது. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் ஆண்டுதோறும் அதே கதையைக் காண்பதற்கு வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய அமர்ந்திருக்கும் எமது கூத்துப் பார்வையாளர் சலிப்படைவதில்லை என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். மீண்டும் கூறும்பொழுது எது கைவிடப்படுகின்றது என்பதே கேட்கத்தக்க வினாவாகும்.

இவ்வினாவை வீடியோ விளையாட்டுத் தொடர் ஒன்றினை முன்வைத்து எழுப்புவது வாசகர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். யப்பானிய நிறுவனமாகிய கப்கொம் 1996 முதல் வெளியிட்டுவரும் அத்தொடர் யப்பானில் பயோஹசாட் என்றும் பிற நாடுகளில் றெசிடென்ற் ஈவில் என்றும் வழங்குகின்றது. எமது மாணவர்களிடையே நாவல் வாசிப்போரைக் காட்டிலும் இத்தகைய விளையாட்டுக்களில் ஈடுபடுவோரே இன்று மிகுதி. பல கோடிப் பிரதிகள் விற்பனையாகி, முப்பது ஆண்டுகளாக ஒரு தலைமுறையின் அச்சத்தை உருவாக்கிய ஒன்றினை ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதென ஒதுக்குவது, நாவலைக் கட்டுக்கதையென ஒதுக்கிய பழம்பண்டிதர் செயலையே ஒக்கும்.

இத்தொடரின் நாயகப் பாத்திரம் சொம்பி எனப்படும் நடைப்பிணம். அதன் பூர்வீகத்தை முதலில் அறிதல் வேண்டும். கரீபியன் கடலிலுள்ள ஹெயிற்றி, சென் டொமிங்கு என்ற பெயரில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பினால் சீனி உற்பத்தியிற் சிறந்து விளங்கியது. அங்கு அடிமைகளின் ஆயுள் மிகக் குறுகியது. மரணம் ஒன்றே விடுதலை எனக் கருதப்பட்டது. அம்மரணத்தின் பின்னரும் மந்திரவாதி ஒருவன் உடலை எழுப்பித் தோட்டத்தில் வேலைவாங்குவான் என்ற நம்பிக்கையிலேதான் சொம்பி பிறந்தது. 1791இல் கிளர்ந்தெழுந்த அம்மக்கள் 1804இல் தமது நாட்டை விடுவித்தனர். ஆயின் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டை ஆக்கிரமித்திருந்தது. அக்காலத்தில் ஹெயிற்றிக்குச் சென்ற வில்லியம் சீபுறூக் என்ற அமெரிக்கர் 1929இல் வெளியிட்ட நூலிலே, ஹெயிற்றிய அமெரிக்கச் சீனிக் கொம்பனியின் கரும்புத் தோட்டத்தில் நடைப்பிணங்கள் கூலிவேலை செய்ததாக ஒரு கதையைப் பதிவு செய்தார். 1932இல் ஹொலிவூட் தயாரித்த ‘வைற் சொம்பி’ திரைப்படத்திலும் அவை சீனி ஆலையிலேயே உழைத்தன. ஆக, ஆதியில் நடைப்பிணத்தைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. நடைப்பிணமாக்கப்படுதலையும் ஆக்குபவனையுமே அஞ்சினர்.

1968இல் ஜோர்ஜ் றொமேரோ இயக்கிய ‘நைற் ஒவ் த லிவிங் டெட்’ இந்நிலையை மாற்றியது. அவருடைய பிணங்களுக்கு எசமான் இல்லை. அவை உழைப்பதில்லை, மனிதரை உண்ணுகின்றன. இன்று உலகறிந்த சொம்பி இவருடையதே.

இனி யப்பானுக்கு வருவோம். 1989இல் கியோஷி குரோசாவா ‘ஸ்வீற் ஹோம்’ என்ற திகிற்படத்தை இயக்கினார். இறந்துபோன ஓவியர் ஒருவரின் மாளிகைக்குள் சுவரோவியங்களைப் படம்பிடிக்கச் சென்ற தொலைக்காட்சிக் குழுவினரின் கதை அது. அதே ஆண்டில் தொக்குரோ புஜிவாரா அப்படத்தைத் தழுவிய விளையாட்டொன்றினைக் கப்கொமுக்காக ஆக்கினார். பூட்டிய மாளிகை, சுமக்கக்கூடிய சிலவே பொருள்கள், இறந்தோர் விட்டுச்சென்ற குறிப்புக்கள் யாவும் அதிலேயே உள்ளன. சில ஆண்டுகளின் பின் புஜிவாரா தயாரிப்பாளராக, ஷின்ஜி மிக்காமி இயக்குநராக, இவ்வித்திலிருந்து முளைத்ததே 1996 மார்ச் 22ஆந் திகதி யப்பானில் வெளிவந்த முதலாவது பயோஹசாட். 1992இல் பிரான்சிலே பிறெடெறிக் றெனால் ஆக்கிய ‘அலோன் இன் த டார்க்’ காட்டிய வழியில், அசையாத கமராக் கோணங்களினூடாகக் காட்சி அமைந்தது.

இங்கு ஒரு பொருளியல் உண்மையைக் கவனித்தல் வேண்டும். அக்காலப் பிளேஸ்ரேஷன் கருவியின் நினைவகம் மிகச் சிறியது. முழு மாளிகையையும் முப்பரிமாணத்தில் இயக்க அதனால் இயலாது. ஆகவே அறைகள் முன்கூட்டியே வரையப்பட்ட அசையாப் படங்களாயின. அசைவன மனிதரும் பிணங்களுமே. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்கையில் இறுவட்டு அடுத்த பகுதியை வாசித்து முடிக்கும் வரை, இருளில் ஒரு கதவு மெல்லத் திறக்கும் காட்சி காட்டப்பட்டது. கருவியின் இயலாமையை மறைக்க இட்ட திரையே அவ்விளையாட்டின் மிகப் பெரிய அச்சமாயிற்று! கதவின் அப்பால் என்ன உள்ளதென்பது தெரியாது. கோணத்தின் மறைவில் கேட்கும் காலடி எவருடையதென்பதும் தெரியாது.

இல்லாமையே இதன் இலக்கணம். குண்டுகள் சில, மூலிகைகள் சில. ஆண் பாத்திரமாகிய கிறிஸ் ஆறு பொருள்களையும் பெண் பாத்திரமாகிய ஜில் எட்டுப் பொருள்களையும் மாத்திரமே சுமக்கலாம். ஆட்டத்தை நிறுத்திப் பதிவு செய்வதற்குக்கூடத் தட்டச்சுப் பொறிக்குரிய மைநாடா தேவை; அதுவும் அளந்தே கிடைக்கும். சுடுவதா, ஓடுவதா என்ற தீர்மானம் ஒவ்வொரு நடைவழியிலும் எடுக்கப்பட வேண்டியதாயிற்று. மாதக் கடைசியில் சில்லறையை எண்ணிப் பார்த்துப் பழகியவர்க்கு இவ்வுணர்வு புதிதன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைக் கூறுவர். முதல் மூன்றும் எவர்க்கும் விளங்கும். தன்னை ஆள்பவனை நான்காவதாக வைத்தமை அப்புலவரின் சமூக நோக்கினைக் காட்டுகின்றது. 1996 விளையாட்டில் நடைப்பிணம் அணங்கு. கண்ணாடியை உடைத்துப் பாயும் நாய்கள் விலங்கு. ஆயின் மாளிகையின் அடித்தளத்துக்கு இறங்க இறங்க நான்காவது அச்சமே வெளிப்படுகின்றது. அம்மாளிகை அம்பிரெல்லா என்னும் மருந்துக் கொம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போர்வை. மருந்து விற்கும் அந்நிறுவனம் மறைவில் உயிரியல் ஆயுதம் செய்கின்றது. மீட்க வந்த விசேட பொலிஸ் பிரிவின் தலைவனே அதன் கையாள்.

அவ்விளையாட்டிலே ஒரு தினக்குறிப்பு உண்டு. ஆய்வுகூட விலங்குகளுக்கு உணவிடும் பணியாளன் ஒருவன் எழுதியது. தோழர்களுடன் சீட்டாடுகின்றான், புதிய பிராணியொன்றைப் பராமரிக்குமாறு பணிக்கப்படுகின்றான், தோலில் அரிப்பெடுக்கின்றது. தப்பியோட முயன்ற ஆய்வாளன் ஒருவன் சுடப்பட்டதாகக் கேள்விப்படுகின்றான். இறுதியில் எழுத்துச் சிதைந்து, அரிப்பையும் ருசியையும் குறிக்கும் இரு சொற்களுடன் குறிப்பு முடிகின்றது. அவன் அதே அறையில்தான் இருக்கின்றான், பிணமாக. நாம் சுடுவது கொம்பனியின் வேலையாளையே! சீபுறூக்கின் கரும்புத் தோட்டத்திலிருந்து இவ்வறைக்கு உள்ள தூரம் அதிகமில்லை. றொமேரோ எடுத்துவிட்ட எசமானை மிக்காமி குழுவினர், அறிந்தோ அறியாமலோ, மீண்டும் கொண்டுவந்து நிறுத்தினர்.

1998இல் ஹிடெக்கி கமியா இயக்கிய இரண்டாம் பாகம் இதனை ஒரு நகரத்துக்கு விரித்தது. றக்கூன் நகரின் பொலிஸ் அதிபர் கொம்பனியிடம் கையூட்டுப் பெறுபவர். 1999இல் வந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் அமெரிக்க அரசே ஏவுகணை வீசி அந்நகரை அழிக்கின்றது. கொம்பனியும் அரசும் ஒருங்கே நிற்கும் இக்காட்சியை எட்டிய பின்னர், தொடர் எங்கே செல்லலாம்? அந்நாட்களிலேயே சலிப்பும் தொடங்கிவிட்டது. அதே கதவுகள், அதே சாவிகள், அதே திருப்பங்கள் என்று விமரிசகர் குறைகூறினர். 2002இல் வெளிவந்த முதற்பாகத்தின் மீளாக்கமும் ‘சீரோ’வும் அழகானவை, ஆனால் வழி புதிதன்று.

நான்காம் பாகம் பலமுறை எழுதி அழிக்கப்பட்டது. கைவிட்ட வரைவொன்று 2001இல் ‘டெவில் மே கிறை’ என்ற வேறொரு தொடராயிற்று. ஈற்றில் மிக்காமியே இயக்க, 2005 சனவரியில் நான்காம் பாகம் வெளிவந்தது. கமரா நாயகனின் தோளுக்குப் பின் நின்று அவன் துப்பாக்கியைப் பின்தொடர்ந்தது. தொழிற்றிறனில் இது தலைசிறந்த ஆக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. பின்வந்த எத்தனையோ விளையாட்டுக்கள் இதனைப் பின்பற்றின. ஆயினும் இதன் தொடக்கவுரையைக் கேட்டவர் எத்தனை பேர் சிந்தித்தனர்? அரசு அம்பிரெல்லாவின் தொழிலை நிறுத்திவிட்டது, பங்குவிலை சரிந்தது, கொம்பனி முடிந்தது. மூன்று பாகங்களாக எதிர்த்துப் போராடப்பட்ட எசமான், பங்குச் சந்தைச் செய்தியில் ஒரு வரியாக மறைந்துபோனான். நகரை அழித்த அதே அரசின் முகவனாக நாயகன் லியோன், சனாதிபதியின் மகளை மீட்க ஸ்பானியக் கிராமமொன்றுக்குச் செல்கின்றான்.

அங்கே அவன் சுடுவது விவசாயிகளை. ஒட்டுண்ணியால் அடிமைப்படுத்தப்பட்ட அவர்களுக்குக் கனாடோஸ் என்று பெயர். ஸ்பானிய மொழியில் கால்நடைகள் என்பது பொருள். ஒரு கோட்டைப் பிரபுவும் ஒரு மதத் தலைவனும் அவர்களை மந்தையாக்கினர் என்று கதை கூறுகின்றது. நல்ல கரு! ஆனால் ஆட்டம் வேறொன்றைக் கற்பிக்கின்றது. விழுந்த விவசாயியின் உடலிலிருந்து பெசேற்றா நாணயம் சிதறுகின்றது. அதைப் பொறுக்கி, அங்கி போர்த்த வியாபாரியிடம் மேலும் பெரிய துப்பாக்கி வாங்கலாம். (கதை நிகழும் 2004இல் ஸ்பெயினில் பெசேற்றா வழக்கொழிந்து யூரோ வந்துவிட்டது, ஆக்கியோர் அதைப் பொருட்படுத்தவில்லை.) முன்னர் ஒவ்வொரு பிணமும் செலவு, இப்பொழுது ஒவ்வொரு பிணமும் வருமானம். இல்லாமையிற் பிறந்த அச்சம் சந்தை திறந்த அன்றே தேயத் தொடங்கியது. பெருகிய விற்பனையின் ஆரவாரத்தில் அது எவர் காதிலும் விழவில்லை.

2009இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அது முற்றாக வெளிப்பட்டது. வெள்ளை அமெரிக்கன் ஒருவன் ஆபிரிக்கக் கிராமத்தில் கறுப்பின மக்கட் கூட்டத்தைச் சுட்டு வீழ்த்தும் முன்னோட்டம் 2007இல் காட்டப்பட்டபொழுதே எதிர்ப்புத் தோன்றியது. அப்படிமங்களுக்கு ஒரு வரலாறு உண்டு, அதை அறியாதவர் போல் நடிக்க முடியாது என்னும் கருத்தினை நியூஸ்வீக் எழுத்தாளர் என்காய் குறோல் 2008இல் வலியுறுத்தினார். நிறுவனம் நாயகனுக்கு ஆபிரிக்கத் தோழி ஒருத்தியைத் துணையாகத் தந்திருந்தது. எனினும் சதுப்பு நிலப் பகுதியிலே புல்லாடையும் ஈட்டியுமாகப் பழைய குடியேற்றவாதச் சித்திரம் அப்படியே நின்றது. விந்தை யாதெனில், அம்பிரெல்லாவின் மூல வைரசு அம்மண்ணின் பழங்குடியினரின் புனித மலரிலிருந்து களவாடப்பட்டது என்பதையும் அதே கதை சொல்கின்றது. கொள்ளையை அறிந்த கதை, கொள்ளையிடப்பட்டோரையே பேயாக்கிற்று. அடிமையின் துயரிற் பிறந்த சொம்பி, ஆபிரிக்கா திரும்பியபொழுது அடைந்த கோலம் இது!

அதன் பின் வந்தது பெருக்கம். தயாரிப்பாளர் மசாச்சிக்கா கவாத்தா 2012இல் ஒரு நேர்காணலில், ‘கோல் ஒவ் டியூற்றி’ போன்ற போர் விளையாட்டுக்களின் விற்பனையோடு ஒப்பிடின் திகில் விளையாட்டின் சந்தை சிறிது என்ற கருத்தை மறைவின்றிக் கூறினார். அவ்வாண்டு வெளிவந்த ஆறாம் பாகத்தில் உள்ளும் புறமுமாக அறுநூறுக்கு மேற்பட்டோர் உழைத்தனர். நான்கு கதைகள், மூன்று கண்டங்கள், ஓயாத வெடியோசை. எழுபது இலட்சம் பிரதிகள் விற்கும் என எதிர்பார்த்த நிறுவனம் கணிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தது. 2013 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் விற்றவை ஏறத்தாழ நாற்பத்தொன்பது இலட்சம். பிற்காலத்தில் அத்தொகை ஒரு கோடியைத் தாண்டியது உண்மையே. ஆனால் அச்சமூட்டியது என்று அதை எவரும் புகழக் கேட்டதில்லை. இத்தோல்விக்கு அறுநூறு பேரின் கைத்திறன் காரணமன்று. எதை அஞ்சுவது என்பதை அவர்களுக்குச் சந்தைக் கணக்கே சொல்லிக் கொடுத்தது.

2017 சனவரியில் வெளிவந்த ஏழாம் பாகம் இழந்ததை மீட்க முயன்றது. அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு பாழ்வீடு. தன்கண்ணாற் காணும் கோணம். மீண்டும் சிலவே குண்டுகள். அவ்வீட்டின் பேக்கர் குடும்பத்தினர் கப்பற் சேதத்தில் தப்பிய சிறுமி ஒருத்திக்கு இரங்கி அடைக்கலம் கொடுத்த எளிய மனிதர். அச்சிறுமி ஒரு குற்றக்கும்பல் வளர்த்த ஆயுதம். இரங்கியவர் பேயாயினர். தினக்குறிப்பு எழுதிய பணியாளனுக்குப் பின் இத்தொடரில் நெஞ்சைத் தொடும் அச்சம் இதுவே என்பது எனது கருத்து. 2019இல் இரண்டாம் பாகத்தின் மீளாக்கமும் அவ்வழியிலே வெற்றி பெற்றது.

ஆயின் ஏழாம் பாகத்தின் இறுதிக் காட்சியை நோக்குக. நாயகனை மீட்க வானிலிருந்து ஹெலிகொப்ரர் இறங்குகின்றது. அதன் பக்கத்தில் அம்பிரெல்லாவின் சின்னம், சிவப்புக்குப் பதில் நீல நிறத்தில். பழைய கொம்பனி தன் பாவத்துக்குக் கழுவாய் தேடும் தனியார் படையாகப் புனரமைக்கப்பட்டுள்ளதாம். 2021இல் வெளிவந்த எட்டாம் பாகமாகிய ‘வில்லேஜ்’ மற்றுமொரு படி சென்றது. அம்பிரெல்லாவின் தாபகர் இளமையில் ஐரோப்பிய மலைக்கிராமமொன்றில் மிரண்டா என்னும் மாயக்காரியிடம் பாடங்கேட்டவர் என்றும், கொம்பனியின் குடைச் சின்னமே அக்கிராமத்திற் கண்டெடுத்தது என்றும் ஒரு கடிதம் தெரிவிக்கின்றது. இலாபத்துக்காக மனிதரைப் பிணமாக்கிய நிறுவனத்துக்கு இப்பொழுது ஓர் அணங்கு தாயாகிவிட்டாள்.

2025 யூனில் ஒன்பதாம் பாகம் ‘றெக்குவியெம்’ அறிவிக்கப்பட்டது. அதன் கதை செல்லும் இடம் றக்கூன் நகரின் இடிபாடுகள்.