எல்ட்ரெட் வழக்கும் இணையப் பதிப்பாளரின் உரிமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையிலே நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறிய மாநிலம் உளது. அங்கே டெரி என்னும் ஊரில் எரிக் எல்ட்ரெட் என்பவர் வாழ்ந்தார். அவர் கணினித் தொழிலிலே பழகியவர். அவருடைய புதல்வியருக்குப் பாடசாலையிலே நதானியேல் ஹோதோர்ன் எழுதிய ‘த ஸ்கார்லெட் லெட்டர்’ என்னும் நாவல் பாடமாயிற்று. 1850 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலிலே பிள்ளைகளுக்குச் சுவை பிறக்கவில்லை. ஆகவே தந்தையார் 1995 ஆம் ஆண்டில் நூல் முழுவதையும் விளக்கக் குறிப்புக்களோடு இணையத்தில் ஏற்றி வைத்தார். புதல்வியரின் மனம் அதனாலும் மாறியதாகத் தெரியவில்லை. ஆயினும் உலகின் பல பாகங்களிலிருந்தும் வேறு வாசகர் வந்து சேர்ந்தனர். ஒரு நூல் பலவாயிற்று. எவரிடமும் ஒரு காசும் பெறாது, பழைய நூல்களைத் திருத்தமாக வெளியிடும் இணையப் பதிப்பகம் ஒன்று அவ்வீட்டிலேயே உருவாயிற்று.

அதே டெரி ஊரிலே 1900 முதல் 1911 வரை கமஞ்செய்து வாழ்ந்தவர் ரொபேர்ட் புரொஸ்ட் என்னும் பெருங்கவிஞர். அவருடைய ‘நியூ ஹாம்ப்ஷயர்’ என்னும் கவிதைத் தொகுதி 1923 இல் வெளிவந்து, மறு ஆண்டிலே புலிட்சர் பரிசைப் பெற்றது. அக்காலத்து நூல்களுக்கு அமெரிக்கச் சட்டம் 75 ஆண்டுக் காவல் அளித்திருந்தது. 1998 ஆம் ஆண்டின் இறுதியோடு அக்காவல் முடிவடைய, 1999 சனவரி முதலாம் நாள் தொடக்கம் அந்நூல் பொதுச்சொத்தாகும். எல்ட்ரெட் அந்நாளை எதிர்பார்த்திருந்தார். ஆனால் 1998 ஒக்டோபர் 27 ஆம் நாள் சனாதிபதி கிளின்டன் ஒரு சட்டத்திலே கையொப்பமிட்டார். அச்சட்டம் எல்லாப் பதிப்புரிமைகளையும் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு நீட்டிற்று. வாயில் திறக்க இரண்டு திங்களே இருந்த நிலையில், அது இருபதாண்டுக்கு அடைபட்டது.

இருபது ஆண்டு ஒரு பெரிய காரியமோ என்று கேட்போர் இருக்கலாம். அதற்கு விடை காண்பதற்கு இச்சட்டத்தின் பிறப்பை நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்திலே நூல் அச்சிடும் உரிமை நெடுங்காலம் புத்தக வியாபாரிகளின் சங்கத்தார் கையிலே இருந்தது. 1557 இல் அரச பட்டயம் பெற்ற அச்சங்கத்தார் தம்முள் ஒருவர் பதிந்துகொண்ட நூலைப் பிறர் அச்சிடாது காத்தனர். அரசும், தனக்கு ஒவ்வாத நூல்களை அடக்குவதற்கு அவர்களையே கருவியாகக் கொண்டது. நூலை எழுதியவனுக்கு இவ்வேற்பாட்டிலே பெரிதாக இடமில்லை. 1695 இல் அச்சு அனுமதிச் சட்டம் காலாவதியாகவே வியாபாரிகள் காவலிழந்து தவித்தனர். அவர்களுடைய முறையீட்டின் பயனாகவே 1710 இல் ஆன் மகாராணியின் பெயரால் வழங்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவர்கள் கேட்டது ஒன்று. பாராளுமன்றம் கொடுத்தது வேறொன்று. உரிமை முதலில் எழுதியவனுக்கே உரியதாயிற்று. அதற்குக் கால எல்லையும் வகுக்கப்பட்டது: புதிய நூலுக்கு 14 ஆண்டு, ஆசிரியன் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு, அதன்பின் எவரும் அச்சிடலாம். கல்வியை ஊக்குவிப்பதே சட்டத்தின் நோக்கமென அதன் முகப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

இலண்டன் வியாபாரிகள் இவ்வெல்லையை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. சட்டம் தந்த காலம் முடிந்தாலும், நாட்டின் பழைய பொதுச் சட்டப்படி தம் உரிமை என்றென்றும் நிலைத்ததே என வாதிட்டனர். 1769 இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தலைமை தாங்கிய நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. எடின்பரோ நகரத்துப் புத்தக வியாபாரி அலெக்சாண்டர் டொனல்ட்சன் அடங்கவில்லை. காவற்காலம் கடந்த நூல்களை மலிவாக அச்சிட்டு விற்பதே அவர் தொழில். ஜேம்ஸ் தொம்சன் என்னும் புலவரின் ‘பருவங்கள்’ என்னும் காவியத்தை அவர் அச்சிட, பெக்கெட் முதலிய இலண்டன் வியாபாரிகள் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1774 பெப்ரவரி 22 ஆம் நாள், வெளியிடப்பட்ட நூலுக்கு என்றுமுள உரிமை கிடையாது, சட்டம் வகுத்த எல்லையே எல்லை என முடிவாயிற்று. எடின்பரோவிலே மக்கள் தீ வளர்த்துக் களித்தனர். நூலாசிரியர் தொம்சன் 1748 இலேயே மாண்டவர் என்பதை இங்கே மறத்தலாகாது. அவர் பெயரால் நடந்த போர் வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையிலானதே.

அமெரிக்கர் இந்த எல்லைக் கொள்கையைத் தம் அரசியலமைப்பிலேயே பொறித்துக்கொண்டனர். அறிவின் வளர்ச்சிக்காக, ‘வரையறுக்கப்பட்ட காலங்களுக்கு’ உரிமை வழங்கலாம் என்பதே கொங்கிரஸ் சபைக்கு அவர்கள் அளித்த அதிகாரம். 1790 இன் முதற்சட்டமும் 14 ஆண்டும், பின் 14 ஆண்டுமே தந்தது. ஆயின் அவ்வெல்லை நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1831 இலே 28 ஆண்டும் பின் 14 ஆண்டும் ஆயிற்று. 1909 இலே 28 உம் 28 உம். 1976 இலே ஆசிரியரின் வாழ்நாளும் அதன்மேல் 50 ஆண்டும். 1998 இலே வாழ்நாளும் 70 ஆண்டும். நிறுவனங்களுக்குரிய படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டாயிற்று. இக்கடைசி நீட்டிப்புக்குப் பாடகராயிருந்து கொங்கிரஸ் உறுப்பினராகி, அவ்வாண்டுத் தொடக்கத்திலே இறந்துபோன சொனி பொனோவின் பெயரைச் சூட்டினர். ஊரார் அதற்கு இட்ட பெயர் வேறு. 1928 இலே திரையில் தோன்றிய வோல்ட் டிஸ்னியின் மிக்கி எலிக்கு 2003 இறுதியிலே காவல் முடியவிருந்தமையால், அதனை ‘மிக்கி எலிச் சட்டம்’ என்றே பலரும் எள்ளினர்.

இனி, காகித நூலுக்கும் இணைய நூலுக்கும் உள்ள வேற்றுமையை நோக்குவோம். ஒருவன் கடையிலே வாங்கிய புத்தகத்தைப் படிக்கிறான். அயலானுக்கு இரவல் கொடுக்கிறான். பழைய புத்தகக் கடையிலே விற்கிறான். இவற்றுள் எதுவும் பிரதி செய்தல் அன்று. ஆகவே பதிப்புரிமைச் சட்டம் அவன் வாயிலை எட்டிப் பார்ப்பதில்லை. அச்சியந்திரம் வைத்திருந்த சிலரையே அச்சட்டம் முன்னூறு ஆண்டுகளாகக் கட்டியாண்டது. இணையத்திலோ ஒரு பக்கத்தைத் திறந்தாலே கணினியில் ஒரு பிரதி தோன்றிவிடுகின்றது. இரவல் கொடுத்தலும் பிரதி, பாதுகாத்தலும் பிரதி. வியாபாரிகளுக்கென்று நெய்த வலையிலே, வீட்டிலிருந்து எழுதும் வலைப்பதிவாளரும் பாடசாலை மாணவரும் வந்து சிக்கினர். அன்றியும், ஆதாயம் கருதாதோர் மீது குற்ற வழக்கு வருவதில்லை என்ற பழைய ஆறுதலும் போயிற்று. 1997 இன் சட்டம் ஒன்று, 180 நாள்களுள் 1000 டொலருக்கு மேற்பட்ட விலையுள்ள பிரதிகளைப் பரப்புவோரை, அவர் ஒரு சதமும் பெறாவிடினும், குற்றவாளியாக்கியது. புரொஸ்டின் கவிதைகளைச் சட்டத்தை மீறியேனும் வெளியிடலாமா என எண்ணிய எல்ட்ரெட்டுக்கு இஃது எத்தகைய அச்சத்தைத் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டப் பேராசிரியர் லோரன்ஸ் லெசிக் அவருக்குத் துணைநின்றார். 1999 சனவரியிலே வழக்குத் தொடுக்கப்பட்டது. இசைப் பிரதிகளை விற்போரும், அழிந்துபோகும் பழைய திரைப்படச் சுருள்களைப் பேணுவோரும் உடன்சேர்ந்தனர். அவர்கள் வாதம் எளியது. முடியுந்தோறும் முடியுந்தோறும் காலத்தை நீட்டிக்கொண்டே போனால் அது வரையறுக்கப்பட்ட காலம் ஆகுமோ? ஆக்கத்தை ஊக்குவிக்கவே உரிமை தரப்பட்டது எனின், 1963 இலே இறந்த புரொஸ்டை 1998 இலே ஊக்குவிப்பது எவ்வாறு? மில்டன் பிரீட்மன் உள்ளிட்ட 17 பொருளியலறிஞரும், பழைய நூல்களுக்குக் காலம் நீட்டுவதால் புதிய நூல் பிறவாது என எழுதிக் கொடுத்தனர். அவர்களுள் ஐவர் நோபெல் பரிசு பெற்றவர்.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் தோற்ற வழக்கு 2002 ஒக்டோபரிலே உயர்நீதிமன்றத்தின் முன் வாதிக்கப்பட்டது. 2003 சனவரி 15 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுவர் சட்டத்தின் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் கின்ஸ்பேர்க் அம்மையார், காலம் நெடிதாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு என்றும், எல்லையை எங்கே நாட்டுவது என்பது கொங்கிரஸ் சபையின் காரியம் என்றும் கூறினார். ஐரோப்பிய நாடுகள் 1993 இலேயே வாழ்நாளும் 70 ஆண்டும் என வகுத்துக்கொண்டமையால், அமெரிக்க ஆசிரியர் அங்கே பின்தங்கலாகாது என்பதும் ஒரு நியாயமாயிற்று. கருத்துக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது, சொல்லுக்கே உரிமை. ஆய்வுக்கும் விமரிசனத்துக்கும் நியாயமான பயன்பாடு உண்டு. ஆகவே பேச்சுச் சுதந்திரத்துக்குக் குறைவில்லை என்றார். இவ்வாதத்தைச் சட்ட நெறியில் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மாறுபட்ட இருவருள் ஒருவராகிய நீதியரசர் பிரையர் காட்டிய கணக்கு மனத்தை விட்டு நீங்காதது. புதிய காலத்தின் பொருளாதாரப் பெறுமதி, முடிவேயில்லாத உரிமையின் பெறுமதியில் நூற்றுக்கு 99.8 பங்குக்குச் சமன். 55 முதல் 75 ஆண்டு வயதுடைய உரிமைகளுள் வருவாய் தரத்தக்கவை நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டே. அந்த இரண்டின் பொருட்டு எஞ்சிய தொண்ணூற்றெட்டும் பூட்டப்பட்டன. பூட்டின் திறவுகோல் எவரிடம் உண்டென்பதும் பலவற்றுக்குத் தெரியாது.

உரிமையாளர் தெரிந்திருப்பினும் அனுமதி கிடைக்கும் என்பதில்லை. 2000 ஆம் ஆண்டளவிலே எரிக் விட்டேகர் என்னும் இசையமைப்பாளர், புரொஸ்டின் அதே தொகுதியிலுள்ள, பனிபொழியும் மாலையில் காட்டோரம் நின்றவனைப் பற்றிய கவிதைக்குக் கூட்டிசை அமைத்தார். கவிஞரின் உரிமையைக் காப்போர் இசைவு தரவில்லை. வேறொரு கவிஞர் அதே சந்தத்துக்குப் புதுச் சொற்களை எழுதிக் கொடுக்க, அவ்விசை ‘உறக்கம்’ என்னும் பொருளுடைய வேறு பெயரோடு உலவிற்று.

வலைப்பதிவாளரை நாள்தோறும் தொடுவது, பொனோ சட்டத்துக்கு மறுநாள், 1998 ஒக்டோபர் 28 இல் கையொப்பமான மற்றொரு சட்டமே. பதிவுக்கு இடம் அளிக்கும் நிறுவனம், உரிமையாளர் முறையிட்டவுடன் அதனை அகற்றிவிட்டால் வழக்கினின்றும் தப்பலாம் என அது விதித்தது. இவ்வேற்பாடு இல்லையேல் எந்த நிறுவனமும் பிறருக்கு எழுத இடம் கொடுத்திராது என்பது மெய்யே. எனினும் முதலில் அகற்றுவர், விசாரணை பின்னரே. எழுதியவர் மறுப்பு அனுப்பலாம். அனுப்பினாலும் குறைந்தது பத்து வேலைநாள் காத்திருத்தல் வேண்டும். குழந்தையொன்று ஒரு பாட்டுக்கு ஆடிய 29 விநாடிப் படத்தை 2007 இலே அதன் தாய் இணையத்தில் ஏற்ற, அது அகற்றப்பட்டது. முறையிடுவோர் நியாயமான பயன்பாட்டை முன்னரே எண்ணிப் பார்த்தல் கடன் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2015 ஆயிற்று.

தோல்வியிலும் ஒரு நன்மை விளைந்தது. லெசிக்கும் எல்ட்ரெட்டும் பிறரும் சேர்ந்து 2001 இலே கிரியேட்டிவ் கொமன்ஸ் என்னும் அமைப்பை நிறுவினர். எழுதிய கணத்திலேயே, பதிவு செய்யாதபோதும், எழுத்துக்கு உரிமை பிறந்துவிடுகின்றது. ஆகவே பகிர விரும்புவோரும் அதனை வெளிப்படச் சொன்னாலன்றிப் பிறர் தொட அஞ்சுவர். ‘என் பெயரைக் குறிப்பிட்டு வழங்குக’, ‘விற்பனைக்கு ஆகாது’ என்றாற்போல ஆசிரியர் தாமே விதிக்கும் எளிய அனுமதிகளை அவ்வமைப்பு 2002 டிசம்பரிலே வெளியிட்டது. சட்டத்தை மாற்ற இயலாதோர் அதன் உள்ளேயே ஒரு சாளரத்தைத் திறந்தனர் எனலாம்.

இலங்கையும் இவ்வலையின் புறத்தே நிற்கவில்லை. எல்ட்ரெட் தோற்ற அதே 2003 இலே இங்கு இயற்றப்பட்ட 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியரின் வாழ்நாளோடு 70 ஆண்டு என்றே வகுத்தது. 2005 இலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் போன்ற முயற்சிகள், ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் ஏற்றுவதற்கு உரியோரைத் தேட வேண்டியவையாயின. நின்றுபோன சஞ்சிகை ஒன்றின் உரிமையாளர் யார், அவர் பிள்ளைகள் எந்நாட்டில் இருக்கின்றனர் என்று வினவுதல், போரினால் மக்கள் சிதறுண்ட ஒரு நாட்டிலே எளிய காரியம் அன்று. தாள் நொறுங்குவதோ விடையைக் காத்திருப்பதில்லை.

அமெரிக்காவிலே 2018 முடியும்வரை வேறு நீட்டிப்பு வரவில்லை. 2019 சனவரி முதலாம் நாள் 1923 ஆம் ஆண்டின் நூல்கள் பொதுச்சொத்தாயின. எல்ட்ரெட் காத்திருந்த நாளுக்குச் சரியாக இருபதாண்டு கழித்து, ‘நியூ ஹாம்ப்ஷயர்’ எவரும் அனுமதி வினவாது இணையத்தில் ஏற்றத்தக்க நூலாயிற்று.